ரீமுக்கு ஒரு காப்பாளர்

ஐந்து நாற்பதுக்கு என் அலாரம் அடிக்கும். ஐந்து ஐம்பதுக்கு அவளுடையது. அவளுடைய போன் குசினி மேசையில் சார்ஜில் கிடக்கும். போய் நிறுத்துவேன். கேத்தலைப் போடுவேன். ஒரு கோப்பை, ஒரு தேயிலைப் பை. ஹீட்டருக்கு முன்னால் நின்று குடிப்பேன். குளிப்பு. இரண்டு துண்டுப் பாண். கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பேன். ஏழு ஐந்துக்குக் கதவைப் பூட்டிவிட்டு ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்கு ஒன்பது நிமிடம் நடப்பேன். பரமட்டாவுக்கு ரயில். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் உட்காருவேன். கிடைக்காவிட்டால் நிற்பேன். இரண்டும் ஒன்றுதான்.

திங்கட்கிழமைகளில் மட்டும் ஒன்று கூடுதல். சரியாக ஏழு மணிக்கு அவளுடைய போனில் ஒரு மின்னஞ்சல் வரும். பூட்டைத் திறக்காமலே முதல் வரி தெரியும். ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி: அன்புள்ள காப்பாளரே, இந்த வாரம் ரீம் யாருடனும் உரையாடவில்லை.

நாற்பத்தேழு வாரமாக இதே வரி.

அவள் என்றால் சிவாஜினி. என் மனைவி. மெரிலாண்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக இருந்தாள். ரீம் அதே கடையில் உதவியாளர். சிரியாவில் ஹோம்ஸ் நகரம். முப்பத்தைந்து வயது. தகப்பன் இல்லை. தாயோடு மெரிலாண்ட்ஸில் ஒரு அடுக்குமாடி யூனிட்டில் இருக்கிறாள். ஒரே அண்ணன் ஸ்டுட்கார்ட்டில். அரபு ஆட்கள் கலியாணத்துக்குத் துணை தேடும் ஒரு செயலியில் ரீம் பதிந்திருந்தாள். அதில் ஒரு பெண் தனக்குக் காப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவளோடு யார் என்ன கதைத்தாலும் வாரத்துக்கு ஒருமுறை அதன் பிரதி காப்பாளருக்குப் போகும். முதல் சந்திப்புக்குக் காப்பாளரும் கூடப் போவது வழக்கம். ரீம் சிவாஜினியைக் காப்பாளராகப் போட்டாள். உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதினாள்.

போன வருடம் ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பஸ்ஸாம் என்று ஒருவரை ஓபர்னில் சந்திப்பதாக இருந்தது. சிவாஜினி தனியாகக் காரில் வெளிக்கிட்டாள். பரமட்டா ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றாள். பின்னால் வந்த லொறி நிற்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். போகேக்க என்ன சொன்னவ? 'போட்டு வாறன்' எண்டு சொன்னவ என்று சொன்னேன். அழுதார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ரீமும் கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன். அந்த இரண்டு சொல்லும் அவளுக்குத் தெரியும். சிவாஜினி கடையை விட்டு வரும்போது தினமும் சொல்வது.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பரிசோதகர். மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது வேலை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு படிவம். அதில் இரண்டு பெட்டிகள் முக்கியம். என்ன நடந்திருக்க வேண்டும். உண்மையில் என்ன நடந்தது. எட்டு வருடமாக இந்த இரண்டு பெட்டிகளையும் நிரப்புகிறேன்.

ஜூலை முதல் சனிக்கிழமை ரீம் வந்தாள். கையில் ஒரு சட்டி. திராட்சை இலையில் சோறும் இறைச்சியும் சுற்றி அவித்தது.

"அண்ணா, குசினி ஏன் இவ்வளவு துப்புரவா இருக்கு? சமைக்கிறதே இல்லையா?"

நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். ஆனால் 'அண்ணா' அவள் தமிழிலேயே சொன்னது. 'ஓம்' என்பதும். சிவாஜினி பழக்கியது.

"சமைக்கிறனான்."

"என்ன?"

"பாண்."

"அது சமையல் இல்லை. சூடாக்கிறது." சட்டியை அடுப்பில் வைத்தாள். கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு உதவி வேணும். நீங்கள் ஆப் சோதிக்கிற ஆள். எனக்கு ஒரு ஆப் தெரிவு செய்து தாங்கோ."

"பழையது இருக்கே?"

"அதில அவவின்ர நம்பர் இருக்கு."

அவள் தன் போனைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். ஸ்டுட்கார்ட்டில் அண்ணன் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். ஒன்றுவிட்ட மச்சான். ஐம்பத்தொரு வயது. மனைவி இல்லை, மூன்று பிள்ளைகள். ஓகஸ்ட் முதலாம் திகதிக்குள் ரீம் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வதாக அண்ணன் சொல்லிவிட்டார். தாய் ஒன்றும் பேசுவதில்லை. சூட்கேஸை மட்டும் அலமாரிக்கு மேலிருந்து இறக்கி வைத்திருக்கிறா.

"நல்ல ஆளோ?"

"கெட்ட ஆள் இல்லை. கலியாணம் ஒண்டுக்குப் படம் அனுப்பினவர். அதில எல்லாரும் சிரிக்கினம். அவர் சாப்பிடுறார்."

"உமக்கு விருப்பமில்லை எண்டால் இல்லை எண்டு சொல்லும்."

"இல்லை எண்டு சொல்ல இங்க எனக்கு ஒரு காரணம் வேணும் அண்ணா. ஆரும் இல்லாமல் இல்லை எண்டு சொன்னால் அது திமிர்."

என் போன் அடித்தது. யோகா அன்ரி. சிவாஜினியின் சின்னம்மா, மெல்பேர்னில், ரோவிலில் இருக்கிறா. சனிக்கிழமை பதினொரு மணிக்கு எடுப்பா. நான் சாப்பிடுகிறேனா என்று பார்க்க.

"தம்பி, சாப்பிட்டாச்சோ?"

"இனித்தான் அன்ரி."

"ஆரோ பொம்பிளைப்பிள்ளை இருமிற சத்தம் கேக்குது?"

"ரீம் வந்திருக்கிறா. சிவாஜினியோட வேலை செய்தவ."

"அந்த அரபுப் பிள்ளையோ? ஏன் வந்தவ?"

"ஆப் ஒண்டு பாக்க."

"என்ன ஆப்?"

"கலியாணத்துக்கு ஆள் தேடுற ஆப்."

பின்னால் அங்கிள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"ஆருக்கு?"

"அவவுக்கு."

"அவவுக்கு மட்டும்தானே?"

"ஓம் அன்ரி."

"தம்பி, நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்கக்கூடாது. ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. வருசம் திரும்பாமல் நல்ல காரியத்துக்கு நீங்கள் முன்னுக்கு நிக்கிறது சரியில்லை. அந்தப் பிள்ளைக்கும் கூடாது. வருசம் முடியட்டும். உங்களுக்கும் ஒண்டு பாக்கத்தானே வேணும். இங்க ரோவிலில ஒரு பிள்ளை, அக்கவுண்டன்ட், சொந்தமா வீடு..."

"அன்ரி, அடுப்பில கறி."

"நீங்கள் கறி வைக்கிறனீங்களோ?"

"நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ," என்றாள் ரீம், நன்றாகக் கேட்கும்படி. நான் போனை வைத்தேன்.

"என்ன சொல்லுறா?"

சொன்னேன். ரீம் யோசித்தாள்.

"எங்களில பொம்பிளைக்கு நாலு மாசமும் பத்து நாளும். ஆம்பிளைக்கு மூண்டு நாள். நாலாம் நாள் நீங்கள் சவரம் எடுத்துப்போட்டு வேலைக்குப் போகலாம். உங்கட ஆக்கள் பரவாயில்லை. வருசம் தருகினம்."

நான் நாலாம் நாளே வேலைக்குப் போயிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

மடிக்கணினியைத் திறந்து ஒரு அட்டவணை போட்டேன். மூன்று செயலிகள். பச்சை, ஊதா, மஞ்சள். ஐகன்களின் நிறத்தை வைத்து சிவாஜினி கூப்பிட்ட பெயர்கள். யார் பார்க்கலாம். யார் முதலில் எழுதலாம். படத்தை மறைக்கலாமா. காப்பாளர் உண்டா. ரீம் என் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எண்டு ஒரு கட்டம் இல்லையே?"

"அது பிறகு."

முதலில் ஊதா. ரீம் படத்தைப் போட்டாள். பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களை அதுவே காட்டத் தொடங்கியது. முதல் முகத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டாள்.

"எங்கட கஸ்டமர்."

"நல்ல ஆள்மாதிரித்தான் இருக்கு. முப்பத்தெட்டு எண்டு போட்டிருக்கு."

"எனக்குச் சொல்ல உரிமையில்லை. ஆனால் முப்பத்தெட்டு வயசில ஆரும் அந்தக் குளிசை எடுக்கிறதில்லை." அடுத்தவரைத் தள்ளினாள். "இவரும் கஸ்டமர். இவர் மனுசியின்ர மருந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போறவர்."

"மனுசி இருக்கிறாவோ?"

"போன செவ்வாய் இருந்தவ."

இருபது முகம் பார்த்தோம். ஆறு பேர் மருந்துக்கடைக்கு வருபவர்கள். படத்தை மறைக்க வழியில்லை. நான் ஊதாவுக்கு எதிரே அதை எழுதினேன். ரீம் கணக்கை அழித்தாள். அதற்குள் இரண்டு பேர் எழுதிவிட்டிருந்தார்கள். ஒருவர் ஒரு முழு வசனமும் எழுதவில்லை. மற்றவர் படம் மட்டும் அனுப்பியிருந்தார். ரீம் அதை எனக்குக் காட்டவில்லை.

மஞ்சள் வேறு மாதிரி. எந்த நாடு, எந்த நகரம், தகப்பனின் குடும்பப் பெயர், எந்தப் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அவுஸ்திரேலியா என்று போட்டாள். திராட்சை இலைகள் சூடாகித் தட்டுக்கு வருவதற்குள் பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். அம்மான், துபாய், பெய்ரூட்.

"பாருங்கோ," என்றாள். "பதினாலு பேர். எல்லாரும் என்ர பாஸ்போர்ட்டைக் கலியாணம் கட்டத் தயார்."

சாப்பிட்டோம். இறைச்சியில் எலுமிச்சம்புளி தூக்கலாக இருந்தது. நான் ஏழு சுருள் சாப்பிட்டதாக அவள் எண்ணிச் சொன்னாள்.

கடைசியில் பச்சைதான், சிவாஜினி காப்பாளராக இருந்த பழையது. அட்டவணை போடாமலே தெரிந்த விஷயம். படம் மங்கலாகத்தான் இருக்கும், பெண் அனுமதித்தால் தெளியும். காப்பாளர் உண்டு.

"கார்டியன் வாசிக்கிறா எண்டு தெரிஞ்சால் ஆம்பிளையள் வசனத்தை முடிச்சு எழுதுவினம்," என்றாள் ரீம். பிறகு, "நீங்கள் இருப்பீங்களோ? அம்மாவிட்டக் கேட்டனான். சிவாஜினியின்ர ஆள் எண்டால் சரி எண்டு சொன்னவ."

"நான் முஸ்லிம் இல்லை. அரபும் இல்லை."

"அவவும் இல்லைத்தானே."

சரி என்றேன். மறுக்க ஒரு காரணமும் கைவசம் இருக்கவில்லை. வருடம் திரும்பவில்லை என்பது காரணமாகத் தோன்றவில்லை.

காப்பாளரை மாற்ற வேண்டுமென்றால் பழைய காப்பாளர் தன் போனில் செயலியைத் திறந்து விலகிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பரிசோதகனாகப் பார்த்தால் நியாயம். காப்பாளருக்குத் தெரியாமல் அவரைக் கழற்றக்கூடாது.

சிவாஜினியின் போனை எடுத்தேன். பூட்டு எண் தெரியும். பதினொரு மாதமாகச் சார்ஜ் போட்டேன், அலாரம் நிறுத்தினேன், மாதக் கட்டணம் கட்டினேன். திறந்ததில்லை. திறந்தேன். பச்சை இரண்டாம் பக்கத்தில் இருந்தது. காப்பாளர் பகுதியில் கடைசி உரையாடல் அப்படியே கிடந்தது. பஸ்ஸாம் இடமும் நேரமும் கேட்டிருந்தார். தன் மாமாவும் வருவதாகவும், ரீமின் பக்கம் ஆம்பிளை ஆள் யாரும் வருகிறார்களா என்றும் கேட்டிருந்தார். கீழே சிவாஜினியின் பதில்: சனிக்கிழமை பதினொரு மணி. நானும் என் கணவரும் வருவோம்.

ரீமும் அதை வாசித்தாள்.

"நீங்களும் வாறதாவோ இருந்தது?"

"அண்டைக்கு எனக்கு ரிலீஸ்."

புதிய பதிப்பு வாடிக்கையாளருக்குப் போகும் நாளை அப்படிச் சொல்வோம். அது அவளுக்குத் தெரியும். சிவாஜினி எத்தனையோ தரம் அதைச் சொல்லி என்னைத் திட்டியிருக்கிறாள்.

"அவ சந்தோசமாத்தானே வெளிக்கிட்டவ?"

"ஓம்."

"போட்டு வாறன் எண்டு."

"ஓம்."

விலகும் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. ஆம். உங்கள் பொறுப்பு முடிந்தது, நன்றி என்று வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். என் போனில் புதிய காப்பாளர் பக்கம் வந்தது. உறவு என்ற பெட்டியில் ரீம் 'அண்ணா' என்று ஆங்கில எழுத்தில் தட்டினாள். அது ஏற்றுக்கொண்டது.

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு மின்னஞ்சல் என் போனுக்கு வந்தது. மூன்று பேர். ஒருவர் இரண்டு வரியோடு போய்விட்டார். ஒருவர் ரீமுக்குச் சமையல் தெரியுமா என்று கேட்டிருந்தார். உங்களுக்குத் தெரியுமா என்று ரீம் கேட்டிருந்தாள். அதோடு முடிந்தது. மூன்றாமவர் அனஸ். முப்பத்தொன்பது. ஓபர்னில் அக்கா குடும்பத்தோடு இருக்கிறார். லிஃப்ட் திருத்தும் வேலை.

இரண்டாவது திங்கட்கிழமை அனஸ் மட்டும். பதினொரு பக்கம். ரயிலில் நின்றுகொண்டு வாசித்தேன்.

லிஃப்டுக்குள் அகப்பட்டவர்களோடு கதைத்துக் கதைத்தே ஆங்கிலம் பழகினேன் என்று அனஸ் எழுதியிருந்தார். எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு நேரம் ஆகும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருந்தாள் ரீம்.

நாற்பது நிமிடம் என்று சொல்வேன். இருபதில் திறந்துவிடுவேன்.

பொய் சொல்கிறீர்கள்.

ஆம். ஆனால் யாரும் முறையிட்டதில்லை.

இப்படி ஏழு பக்கம். எட்டாவது பக்கத்தில் அவர், உங்கள் கணக்கைப் பார்த்தால் போன ஓகஸ்டுக்குப் பிறகு நீங்கள் இங்கே யாரோடும் கதைக்கவில்லை போலிருக்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தார். ரீமின் பதில் வியாழக்கிழமை மதியம் எழுதப்பட்டது. சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். நான் ஒருவரைச் சந்திக்கும்போது பக்கத்தில் இருப்பதற்காக வந்தாள். வழியில் இறந்துபோனாள். வீட்டை விட்டுப் போகும்போது அவர்கள் மொழியில் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். அவள் அதைத் தன் கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவர் என்னிடம் சொன்னார். நான் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்கிறேன். எனக்காக வராமல் இருந்திருந்தால் அவள் சொன்னது உண்மையாகியிருக்கும். இதற்குப் பிறகு நான் இங்கே சந்தோசமாக இருப்பது நியாயமில்லை என்று தோன்றுகிறது. அண்ணன் சொல்கிற இடத்துக்குப் போய்விட்டால் கணக்குத் தீரும் என்று தோன்றுகிறது.

அனஸ் அதற்கு அன்று பதில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை எழுதியிருந்தார், அடுத்த வாரத்துக்கு. சனிக்கிழமை பதினொரு மணி. அக்காவும் வருவாள். தேநீர் மட்டும். பிறகு நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

காப்பாளர் இதையெல்லாம் வாசிப்பார் என்பதை ரீம் மறந்திருக்கலாம். மறக்காமலும் இருந்திருக்கலாம்.

அலுவலகத்தில் ஒரு பிழைக்குப் படிவம் நிரப்பினேன். என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை எழுதினேன். உண்மையில் நடந்தது என்ற பெட்டியில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசை பிரதீப்குமார் வந்து, "என்னாச்சு கீர்த்தனன், அரை மணி நேரமா ஒரே ஸ்கிரீன்ல இருக்கீங்க?" என்று கேட்டான். கோப்பி குடிக்கப் போனோம்.

சனிக்கிழமை ஒரு காரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தேன். எங்கள் கார் போன பிறகு நான் ஓட்டியதில்லை. பரமட்டா ரோட்டைத் தொடாமல் சுற்றி மெரிலாண்ட்ஸ் போனேன். ரீம் வாசலில் நின்றாள். கரும்பச்சைச் சட்டை, சாம்பல் கோட். மேல்மாடி ஜன்னலில் அவளுடைய தாய் நின்று கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தா. நானும் அசைத்தேன். தாய்க்குப் பக்கத்தில், ஜன்னலோரம், நிமிர்த்தி வைத்த சூட்கேஸ் தெரிந்தது.

ஓபர்னில் இடம் இல்லை. சனிக்கிழமை எப்போதுமே இல்லை. தேநீர்க்கடையைத் தாண்டி ஒருமுறை போனோம். ஜன்னலோரம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்த ஆள் மெனுவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். இரண்டாவது சுற்று. ஒரு வான் வெளியேறியது, வேறொருவர் நுழைந்தார். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. மூன்றாவது சுற்றில் ரீம் சொன்னாள்.

"வீட்டுக்கு விடுங்கோ அண்ணா."

"ஏன்?"

"ஏலாது. அண்டைக்கும் இப்பிடித்தான் நான் உள்ள இருந்து தெருவைப் பாத்துக்கொண்டிருந்தனான். பிந்துது எண்டு அவவில கோவிச்சுக்கொண்டு." கையுறைகளைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள். "அண்ணனுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன். ஒரு மாதிரி முடியட்டும்."

பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினேன். நிறுத்தக்கூடாத இடம்.

"நீர் இறங்கிப் போம். நான் இடம் பாத்து விட்டிட்டு வாறன்."

"கார்டியன் இல்லாமல் நான் மட்டும் போய் இருக்கிறதோ? அவரின்ர அக்கா கேப்பா. அண்ணா எங்க எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

"ரீம். சிவாஜினி 'போட்டு வாறன்' எண்டு சொல்லேல்லை."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு நான் கார் ஓடுறதா இருந்தது. பரமட்டா ரோட்டில ஓட அவவுக்குப் பயம். மூண்டு தரம் வந்து கேட்டவ. நான் ஹெட்செட் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால இருந்தனான். ரிலீஸ் எண்டு கையைக் காட்டினனான்."

"தெரியும். ரிலீஸ்."

"ரிலீஸ் ஒன்பதரைக்கே முடிஞ்சுது. லைனில ஆரும் இல்லை. எனக்கு அந்த ஆக்களோட போயிருந்து கதைக்க விருப்பமில்லை. அவ்வளவுதான். அவ போகுமட்டும் ஹெட்செட்டைக் கழட்டாமல் இருந்தனான்."

பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

"அவ உம்மால சாகேல்லை. நான் ஓடியிருந்தால் பத்து நிமிசம் முந்தி வெளிக்கிட்டிருப்பம்."

"பதினொரு மாசம்," என்றாள் ரீம். "பதினொரு மாசம் நீங்கள் எனக்கு ஓம், ஓம் எண்டு சொன்னனீங்கள்." பிறகு அரபியில் ஏதோ சொன்னாள். நீளமாக, என் முகத்தைப் பார்த்து. எனக்கு அரபு தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை. "நான் டிக்கெட் விலை பாத்துக்கொண்டிருக்கிறன். அம்மா உடுப்பு மடிச்சுக்கொண்டிருக்கிறா. நீங்கள் பாணைச் சூடாக்கிக்கொண்டு..."

கதவைத் திறந்து இறங்கினாள். அடித்துச் சாத்தினாள். பஸ் மறுபடி ஹோர்ன் அடித்தது. அவள் தேநீர்க்கடைப் பக்கம் ஏழெட்டு அடி நடந்தாள். ஜன்னலுக்குள் அந்த ஆள் எழுந்து நிற்பது தெரிந்தது. ரீம் நின்றாள். திரும்பி வந்தாள். பஸ் சாரதிக்குக் கையைக் காட்டிவிட்டு என் ஜன்னலைத் தட்டினாள். கண்ணாடியை இறக்கினேன்.

"உண்மையா என்ன சொன்னவ?"

ஒரு காலில் சப்பாத்து. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு சிவாஜினி அறை வாசலில் நின்றாள். கார்த் திறப்பு பல்லுக்கிடையில் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. காதில் ஹெட்செட் இருந்தும் நன்றாகவே கேட்டது. சிவாஜினி சொன்னதை அப்படியே ரீமுக்குச் சொன்னேன்:

"அவை கேட்டால், நீங்கள் பார்க்கிங் தேடிக்கொண்டு நிக்கிறீங்கள் எண்டு சொல்லுறன்."